காற்றுச் சாண்டர் தண்ணீர் கக்குவது பற்றி

வணக்கம். கிராண்ட்பாஸிலுள்ள உங்கள் கராஜில் காற்றுச் சாண்டர் (அழுத்தக் காற்றில் ஓடும் தேய்ப்புக் கருவி) நன்றாகத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே வேகம் இழப்பதாகவும், கழிவுக்காற்றுத் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் தெறித்து, வாகனத்தின் பள்ளங்களை நிரப்பப் பூசிய புட்டியைக் கெடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். புதிய சாண்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். குறை பெரும்பாலும் காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசர் பக்கத்தில்தான் இருக்கும்.

கொழும்பின் ஈரக்காற்று அழுத்தப்படும்போது சூடாகி, கொம்பிரசரின் காற்றுத் தாங்கியில் ஆறியதும் தன்னிடமுள்ள நீராவியை நீராக விட்டுவிடுகிறது. பழுப்பு நிறம் தாங்கியின் உட்புறத் துருவாக இருக்கலாம்; துருவேறிய தாங்கி அழுத்தத்தில் வெடிக்கக்கூடும் என்பதால், அதை முதலில் தகுந்தவரிடம் காட்டுங்கள். நாள்தோறும் வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து நீரை வடியுங்கள். நீர் பிரிக்கும் வடிகட்டியைக் கொம்பிரசரின் வாயிலேயே பொருத்தாமல், காற்று ஆறுவதற்கு இடம்விட்டுச் சில மீற்றர் தள்ளிப் பொருத்தினால்தான் அது உண்மையில் பயன் தரும்.

இத்தகைய சாண்டர்களில் பெரும்பாலானவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் நுழைவாயிலில் 90 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தம் கேட்பவை. தாங்கியின் மானி 120 காட்டினாலும், ஒடுங்கிய நீண்ட குழாயில் அது வழியிலேயே குறைந்துவிடும். சிறிய கொம்பிரசர் என்றால், அழுத்தம் மீண்டும் ஏற இடையிடையே நிறுத்தி வேலை செய்வதைத் தவிர வழியில்லை.

தொடங்குமுன் காற்றுக் கருவிக்குரிய எண்ணெயைச் சில துளிகள் நுழைவாயிலில் விட்டு, வாகனத்துக்கு அப்பால் பிடித்துச் சில விநாடிகள் ஓடவிடுங்கள். எஞ்சின் எண்ணெய் தடித்தது, வேண்டாம். எந்த எண்ணெயானாலும் வாகனத்தில் பட்ட இடத்தில் பெயின்ட் குழிகுழியாக விலகும். தேய்ப்புத் தாள் மாற்றுமுன் குழாயைக் கட்டாயம் கழற்றுங்கள். புட்டித் தூசிக்குத் துணி முகமூடி போதாது. என்95 தரமாவது அணியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் கூடவே.