ஃபெரெட் வளைக்குள்ளேயே முயலைக் கொன்றுவிடாதா?

இங்கிலாந்தில் முயல் பிடிக்க வளைக்குள் அனுப்பப்படும் ஃபெரெட் (கீரியைப் போல நீண்ட உடல்கொண்ட சிறு வளர்ப்பு விலங்கு), முயலை உள்ளேயே கொன்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வேளைகளில் கொன்றுவிடும்; ஆனால் அது வேட்டைக்காரரின் நோக்கமன்று. முயலை வெளியே விரட்டுவது ஃபெரெட்டின் வேலை, பிடிப்பது வலையின் வேலை. வளையின் ஒவ்வொரு வாயிலும், சுருக்குப்பையைப் போல இழுபட்டு மூடிக்கொள்ளும் சிறு வலையை விரித்து, அதன் கயிற்றை முளையடித்து நிறுத்திய பிறகே ஃபெரெட்டை உள்ளே விடுகிறார்கள். ஒரு வாய் புதரில் மறைந்திருந்தாலும் முயல் அவ்வழியே தப்பிவிடும் என்பதால், செடிகொடிகள் வாடிய குளிர்காலமே இதற்கு ஏற்றது. பட்டினி போட்டு அனுப்புவது பெருந்தவறு: பசித்த ஃபெரெட் முயலைக் கொன்று தின்று, அங்கேயே உறங்கிவிடும். அப்போது அதன் கழுத்துப்பட்டையிலுள்ள அலைபரப்பியின் சைகையைக் கருவியால் தேடி, மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

வளர்ப்பில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று. பெண் ஃபெரெட் இணைசேராவிட்டால் அதன் சினைப்பருவம் மாதக்கணக்கில் நீளும். அதனால் மிகும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, கடும் இரத்தசோகையால் உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே குட்டி வேண்டாதவர்கள் வசந்தகாலத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். இறைச்சியே இதன் உணவு; பாலும் ரொட்டியும் கொடுத்த பழைய வழக்கம் இதன் உடலுக்கு ஒவ்வாது.