வேலையை விட்டுவிட்டு ஆறு மாத கோர்ஸில் சேரலாமா? ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் மகன், நம் தம்பி, இரண்டு வருடமாக சிஎன்சி லேத்தில், அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷினில், ஆபரேட்டராக இருக்கிறார், "பட்டன் அழுத்திக்கொண்டே இருந்தால் எப்போது முன்னேறுவது" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு ஆறு மாத கோர்ஸ் ஒன்றில் சேர நிற்கிறார், தடுப்பதா விடுவதா என்று உங்களுக்குப் புரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆசை நியாயமானது, அவர் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் வேலையை விடக் கூடாது, நீங்கள் அனுப்பிய அந்த விளம்பரத்தில் உள்ள கோர்ஸிலும் சேரக் கூடாது.

அந்த விளம்பரத்தை இன்னொரு முறை பாருங்கள். சிஎன்சி, கேட்-கேம் (கம்ப்யூட்டரில் வரைந்து அதையே மெஷின் புரோகிராம் ஆக்குவது), பிஎல்சி (மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்), ரோபோ, தரக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே கோர்ஸில். இதில் ஒவ்வொன்றையும் பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் அதற்கே வருடக்கணக்கில் உழைத்தவர்கள். ஐந்தையும் ஆறு மாதத்தில் தொட்டுப் பார்க்கலாம், கையில் எதுவும் நிற்காது. நேர்முகத் தேர்வில் மெஷின் முன்னால் நிறுத்தி "இந்த டூலுக்கு ஆஃப்செட் எடு" (டூலின் முனை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் எண்ணைக் கண்டுபிடி) என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

அதற்காகக் குறுகிய காலப் பயிற்சியே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் போர்முனைக்குப் போய்விட, புது ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது எப்படி என்று மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள். ஐந்து அமர்வு, அமர்வுக்கு 2 மணி நேரம், மொத்தமே 10 மணி நேரம்தான். அதே முறை போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரைக்கும் வேரூன்றியது. பத்து மணி நேரம் எப்படிப் போதுமானதாக இருந்தது? ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், படித்தவர் திரும்பிப் போய்த் தன் ஆட்களிடமே அதைச் செய்து பார்த்தார். குறுகிய கோர்ஸ் பலிப்பதற்கு இந்த இரண்டும் வேண்டும்.

அப்படியானால் தம்பிக்கு அந்த ஒரு விஷயம் எது? இன்று ராத்திரி அவரிடமே கேளுங்கள்: "மெஷின் நின்றாலோ, பீஸ் தப்பாக வந்தாலோ யாரைக் கூப்பிடுகிறாய்? அவர் வந்து என்ன செய்கிறார்?" எதற்காக இன்னொருவரைக் கூப்பிடுகிறாரோ, அதுதான் அவர் படிக்க வேண்டியது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், தம்பிக்குப் படித்துக் காட்டினால் அவருக்கு உடனே புரியும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் (உருளைத் தண்டு), 0.02 மில்லிமீட்டர் கூடலாம் அல்லது குறையலாம். நூற்றுக்கணக்கில் ஓடிய பிறகு இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுத் துண்டு) முனை தேய்கிறது, விட்டம் மெல்ல ஏறி 25.03 ஆகிறது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு, அதைச் சரிசெய்து அமைத்துக் கொடுக்கும் செட்டருக்குக் காத்திருக்கிறார். செட்டர் வருகிறார், வேர் ஆஃப்செட் (டூல் தேய்மானத்தை ஈடுகட்டும் எண்) பக்கத்தைத் திறக்கிறார், மைனஸ் 0.03 அடிக்கிறார், ஒரு பீஸ் ஓட்டி அளக்கிறார், போய்விடுகிறார். பார்க்கச் சுலபம்தான். ஆனால் ஃபானக் நிறுவனத்தின் கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரில்) இன்புட் என்று ஒரு பட்டன், ப்ளஸ் இன்புட் என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே மைனஸ் 0.05 இருந்து, இன்புட்டை அழுத்தினால் பழைய எண் அழிந்து மைனஸ் 0.03 மட்டும் நிற்கும், அடுத்த ஷாஃப்ட் 25.05 ஆக இன்னும் பெருத்து வரும். ப்ளஸ் இன்புட்டை அழுத்தினால்தான் இரண்டும் கூடி மைனஸ் 0.08 ஆகும், விட்டம் சரியாக 25க்கு வரும். எந்தப் பட்டன், ஏன், அழுத்துமுன் எதைப் பார்க்க வேண்டும், இது தெரிந்தவர் செட்டர், தெரியாதவர் ஆபரேட்டர். அந்த இடைவெளியைத்தான் தம்பி தாண்ட வேண்டும். சம்பளம் மாறுவதும் அங்கேதான்.

அதனால் என் வரிசை இதுதான். முதலில் அளவெடுப்பதும் வரைபடம் படிப்பதும். சில நாள் கோர்ஸ்தான், பலர் அற்பமாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம். 25.03 என்று அளந்ததே தப்பாக இருந்தால் ஆஃப்செட் அறிவை வைத்து என்ன செய்வது? சாதாரண மைக்ரோமீட்டரில் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும், கையால் சுற்றும் உறையான திம்பிளில் 50 கோடுகள், ஆக ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். இதை ஒப்பிக்க எல்லோருக்கும் வரும். ஆனால் அழுத்தம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் ராட்செட்டைத் திருப்பாமல் திம்பிளையே இறுக்கி அளப்பவர்கள், பூஜ்ஜியப் பிழையைப் பார்க்காமலே அளப்பவர்கள், வெட்டி முடித்த சூட்டோடு அளந்துவிட்டுப் பீஸ் ஆறிய பிறகு ஏன் சிறுத்துப்போனது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வரைபடத்தில் சமதளம், செங்குத்து, பொசிஷன் (துளை போன்றவை இருக்க வேண்டிய இடம்) இவற்றுக்கான குறியீடுகளும் இதோடு வந்துவிட வேண்டும். நாளைக்கு அவர் தரப் பிரிவுக்குப் போனாலும் டூல் ரூமுக்குப் போனாலும் இது கூடவே வரும்.

அடுத்தது செட்டிங்கும் புரோகிராமும். இங்கே ஒரு எச்சரிக்கை: அவர் தொழிற்சாலையில் ஓடுவது ஃபானக்கா, சீமென்ஸா என்று பார்த்து அதே கன்ட்ரோலில் படிக்க வேண்டும். மெஷினுக்குக் கட்டளை எழுதும் மொழியான ஜி-கோடின் அடிப்படை எங்கும் ஒன்றுதான், ஆனால் சைக்கிள்கள் (பல அசைவுகளை ஒரே கட்டளையாக்கியவை) எழுதும் விதமும் பட்டன்களும் மாறும். புரோகிராம் எழுதுவதை வீட்டில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்துப் பழகலாம். டூலைத் தொட்டு ஆஃப்செட் எடுப்பதை மெஷினில் மட்டுமே பழக முடியும்.

பிஎல்சியும் ரோபோவும் பராமரிப்புப் பிரிவின் பாதை. மின் இணைப்புகளில் அவருக்கு உண்மையிலேயே ஈடுபாடு இருந்தால் தாராளமாகப் போகட்டும், ஆனால் அதையே தனியாக எடுத்துப் படிக்கட்டும். கோட்சிஸ் போன்ற, பிஎல்சி புரோகிராம் எழுதும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்டார்ட், ஸ்டாப், ஹோல்டிங் கான்டாக்ட் (ஸ்டார்ட் பட்டனை விட்ட பிறகும் மோட்டாரை ஓடவிடும் இணைப்பு) வைத்து ஒரு மோட்டார் சர்க்யூட்டை அதில் போட்டுப் பார்த்தாலே இது பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வேலையை விடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம், கை மறந்துவிடும். வெல்டர்களுக்கான சர்வதேசத் தரங்களே இதை ஒப்புக்கொள்கின்றன. ஐஎஸ்ஓ 9606 தரத்தின்படி சான்று பெற்ற வெல்டர் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பானவர் உறுதி செய்ய வேண்டும். சிஎன்சிக்கு இப்படி ஒரு விதி எழுதி வைக்கவில்லை என்பதால் கை மறக்காமல் இருந்துவிடாது. மெஷின் பக்கத்திலேயே இருக்கிறவர் இன்று படித்ததை நாளை செட்டர் அருகில் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம். வேலையை விட்டவருக்கு அந்த வசதி போய்விடும்.

சரி, பயிற்சி இடத்தை எப்படித் தேர்வு செய்வது? வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போங்கள். மெஷினுக்கு அடியில் வெட்டுத் துகள் விழும் சிப் ட்ரேயைப் பாருங்கள், அதில் புதிதாக வெட்டிய சுருள் கிடக்கிறதா, அல்லது மெஷின் கண்காட்சிப் பொருள் மாதிரி பளபளவென்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் சொன்னால் தம்பி பெரும்பாலான நேரம் வேடிக்கைதான் பார்ப்பார். கோர்ஸ் முடிவில் மாணவர் தன் கையால் ஒரு பீஸ் செய்ய வேண்டுமா, அதை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளப்பது யார், தவறினால் ஃபெயிலா? யாருமே ஃபெயிலாகாத இடத்தில் தரும் சான்றிதழ், வந்து உட்கார்ந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்றால், போன பேட்ச்சில் வேலைக்குப் போன இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் தம்பி தன் சூப்பர்வைசரிடம் ஒருமுறை பேசட்டும். "செட்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன், கோர்ஸ் முடித்தால் செட்டருடன் நிற்க விடுவீர்களா?" என்று வெளிப்படையாகக் கேட்கலாம். சில நிறுவனங்கள் கட்டணத்தையே ஏற்றுக்கொள்ளும். அப்போது எத்தனை காலம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். "முடியாது, நீ பட்டன் மட்டும் அழுத்து" என்றால் அப்போது வேறு வேலை தேடலாம், வேறு வேலை கைக்கு வந்த பிறகு இதை விடலாம்.

இன்னொன்று அம்மா, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். தூக்கம் இல்லாத கண்ணோடு பீஸைப் பிடித்துச் சுழலும் சக் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வகுப்பை வார விடுமுறைக்கோ பகல் ஷிஃப்ட் வாரத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இப்போதைக்கு ஒன்று போதும். அடுத்த இரண்டு வாரம் தம்பி ஒரு சின்ன நோட்டில், எப்போதெல்லாம் செட்டரைக் கூப்பிட்டார், என்ன கோளாறு, அவர் எதை மாற்றினார் என்று எழுதி வரட்டும். அப்புறம் அந்த நோட்டின் படத்தோடு மெஷினில் இருக்கும் கன்ட்ரோலின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள், எந்தக் கோர்ஸை முதலில் எடுப்பது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்துவிடலாம்.