பணத்துக்கு முன்னால் பட்டா: வீட்டுத் திட்டக் கேள்வி–பதில்

வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். தொகைகளை முழு எண்ணாக்கிச் சொல்லியிருக்கிறேன். எந்தத் திட்டமானாலும் வேலை உத்தரவு கைக்கு வராமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும், தோண்டிவிட்டுக் கேட்பவர்கள் குறைவதில்லை.

கேள்வி: சங்கராபுரம் ஊராட்சியாக இருந்தபோது கலைஞரின் கனவு இல்லத்துக்கு மனு கொடுத்தேன். இப்போது காரைக்குடி மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். மனு என்ன ஆகும்?

பதில்: வேலை உத்தரவு வாங்கிவிட்டீர்களா, வெறும் மனுதானா என்று எழுதவில்லை. உத்தரவு இருந்தால், அதைக் கொடுத்த ஒன்றிய அலுவலகத்திலேயே மீதித் தவணை பற்றி எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வெறும் மனு என்றால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கனவு இல்லம் ஊரகப் பகுதிக்கான மாநில அரசுத் திட்டம். இனி உங்களுக்குப் பிரதமர் வீட்டுத் திட்டமான நகர்ப்புற ‘அனைவருக்கும் வீடு 2.0’தான். சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவில் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு குறைந்தது 1 லட்சம் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். கனவு இல்லத்தின் மூன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு 1 லட்சம்வரை துண்டு விழுகிறது. ஊராட்சி மாநகராட்சி ஆனதால் சிமெண்ட் விலை குறைந்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த வார்டுகள் எல்லாம் சேர்ந்து கேட்கவேண்டிய கோரிக்கை இது.

கேள்வி: மகன் பெயரில் மதுரையில் ஃபிளாட் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கலாமா?

பதில்: மகன் திருமணமானவரா? அதை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? திட்டக் கணக்கில் குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். மகன் மணமாகித் தனிக்குடும்பமாக இருந்தால் அவர் ஃபிளாட் உங்களுக்குத் தடையில்லை. மணமாகாதவர் என்றால் தடை.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வளவு வீட்டில் (நடு முற்றத்தைச் சுற்றி அறைகள்) எங்களுக்கும் ஒரு பங்கு. மொத்தம் 11 பங்காளிகள். நான்கு பேர் மலேசியாவில். வீடு ஒழுகுகிறது, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். பின்கட்டுத் தோட்டத்தில் சின்ன வீடு கட்டத் திட்டப் பணம் கிடைக்குமா?

பதில்: இன்றைய நிலையில் கிடைக்காது, ஆச்சி. இரண்டு முட்டுக்கட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, கூட்டுப் பட்டா. 11 பெயர் இருக்கும் பட்டாவில் உங்கள் ஒருவருக்கு வேலை உத்தரவு போடமாட்டார்கள். ‘எங்களுக்குள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டோம்’ என்பது தாலுகா அலுவலகத்தில் செல்லாது. இரண்டாவது, பெரிய வீட்டில் உங்களுக்கு இருக்கும் பங்கு. ஒழுகினாலும் காரை போட்ட சுவரும் தேக்குத் தூணும் உள்ள வீடு கெட்டி வீடுதான். இந்தியாவில் எங்கும் கெட்டி வீடு இல்லை என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். பங்கை மறைத்துக் கையெழுத்திட்டால், வந்த பணத்தைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

வழி இல்லாமல் இல்லை. வளவையும் முகப்பையும் உட்பிரிவு செய்ய முயலாதீர்கள். ஆளுக்கு ஓர் அறையும் பொது முற்றமுமாக இருக்கும் கட்டடத்தை சர்வேயர் சங்கிலி பிடித்துப் பிரிக்க முடியாது. பின்கட்டுத் தோட்டத்தில் 2 சென்ட் உங்களுக்கு, அதற்கு ஈடாகப் பெரிய வீட்டுப் பங்கை நீங்கள் விடுவது என்று பேசி முடியுங்கள். பிறகு வரிசையாக: வில்லங்கச் சான்று, இறந்துபோன ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்று, பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அதன்பேரில் உட்பிரிவுப் பட்டா. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு பங்கு ஒன்றுக்கு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு பங்கு ஒன்றுக்கு 10,000. மலேசியாவில் இருப்பவர்கள் வரமுடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாகவேண்டும். பலர் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவைத்து, ஆறாவது மாதம் தேடுகிறார்கள்.

அரசுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. கனவு இல்லத் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று 2024-ல் அறிவித்தார்கள். முதல் ஆண்டுக்கு 1 லட்சம் வீடு, 3,500 கோடி. நல்ல திட்டம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் குடிசையில் இருந்தும் பட்டா இல்லாதவர் பட்டியலின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். பெரிய வீடுகளைக் காவல் பார்த்துக்கொண்டு கொல்லைப்புறக் கொட்டகையில் இரண்டு தலைமுறையாக இருப்பவர்கள், மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில் குடியேறியவர்கள், நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) வீடு இருந்தும் தாத்தா பெயரிலேயே பட்டா நிற்பவர்கள், இவர்களுக்கு மூன்றரை லட்சம் ஒதுக்கி என்ன பயன்? வீட்டுக்கு நிதி ஒதுக்கும் ஆண்டிலேயே ஒன்றியம்தோறும் கூடுதல் சர்வேயரைப் போட்டு, நத்தம் பட்டா முகாம் நடத்தவேண்டும். இத்தனை வீடு என்று அறிவிக்கும்போது, எத்தனை பட்டா கொடுத்தோம் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடவேண்டும்.

கேள்வி: கனவு இல்லத்தில் வேலை உத்தரவு வந்தது. 600 சதுர அடிக்கு பேஸ்மென்ட் போட்டேன். லிண்டலோடு நிற்கிறது. கூடுதல் பணம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், வராது. திட்டம் 360 சதுர அடிக்கு; அதில் 300 கான்கிரீட் கூரை. தவணைகள் பேஸ்மென்ட், லிண்டல், கூரை, நிறைவு என்று நான்கு. நீங்கள் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் தவணைத் தொகை அதேதான். சதுர அடிக்கு 2,000 என்று வையுங்கள்; 360-க்கே 7 லட்சத்துக்கு மேல், 600-க்கு 12 லட்சம். நம் பக்கம் பாதியில் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை பேஸ்மென்டிலேயே தோற்றவை. இப்போது ஓவர்சியரை அழைத்து, ஒரு கூடமும் அடுப்படியுமாக 360 சதுர அடிக்கு மட்டும் சுவரேற்றி, அதில் 300-க்குக் கான்கிரீட் கூரை போட ஒப்புதல் வாங்குங்கள். நாலரை அங்குலக் கனத்துக்குக் கூரைத் தளம் மட்டுமே 25 மூட்டை சிமெண்ட் குடிக்கும், உத்திரம் தனி. போட்ட மறுநாளே பாத்தி கட்டி 14 நாள் நீர் நிறுத்துங்கள், இந்த வெயிலில் விட்டால் வெடிக்கும். மீதிப் பகுதியில் நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசிவையுங்கள்.

கேள்வி: கூரைக்குக் கான்கிரீட்டுக்குப் பதில் நாட்டு ஓடு போடலாமா? பழைய வீட்டில் பிரித்த தேக்குக் கதவு வைக்கலாமா?

பதில்: கதவு உங்கள் விருப்பம், கரையான் பார்த்து வாங்குங்கள். ஓடு, 300 சதுர அடிக்குக் கூடாது. மீதி 60 சதுர அடியில் தீப்பிடிக்காத எந்தக் கூரையும் போடலாம், அங்கே ஓட்டுத் தாழ்வாரம் இறக்குங்கள். கீற்றும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் எங்கும் கூடாது.

கேள்வி: தேவகோட்டையில் வங்கிக் கடனில் வீடு வாங்குகிறோம். வட்டி மானியம் எவ்வளவு?

பதில்: ‘அனைவருக்கும் வீடு 2.0’ திட்டத்தில் ஆண்டு வருமானம் 9 லட்சம், வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம், இவற்றுக்குள் இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம். மொத்தம் 1.80 லட்சம்வரை, ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில் வரும். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தை மனைவி பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் மிச்சம்.

கேள்வி: கோயில் நிலத்தில் 40 ஆண்டாக இருக்கிறோம். பட்டா கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கண்மாய், ஊருணிப் புறம்போக்குக்கும் இதே பதில். மாற்று மனை கேட்டு மனு கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் 30 குடும்பம் பட்டா இல்லாமல் இருக்கிறது. ஆளுக்கொரு மனு கொடுத்து அலுத்துவிட்டோம்.

பதில்: ஒரே மனுவாக்குங்கள். சர்வே எண், ஒவ்வொரு வீட்டின் நீள அகலம், எத்தனை ஆண்டாகக் குடியிருப்பு, மின் இணைப்பு எண், வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே அட்டவணையில் வரட்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபை எதிலாவது தீர்மானமாக ஏற்றி நகல் வாங்குங்கள். அந்த நகலோடு ஜமாபந்தியில் (தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) அதை நடத்தும் அலுவலரிடமும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் சொல்லியாகவேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே சட்டமன்ற உறுப்பினர் கையில் அட்டவணை இருந்தால், அவர் எண்ணோடு பேச முடியும்.

கேள்வி: பட்டியலில் பெயர் சேர்க்க 20,000 கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பயனாளியாகச் சேரக் கட்டணமே கிடையாது. கேட்டவர் யாராயிருந்தாலும் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தெரிவியுங்கள்.