அட்டெண்டன்ஸ் வரிசையிலேயே எழுதுங்கள்

கேள்வி: ராணி மேரிக் கல்லூரியில் 1994-ல் சேர்ந்து 1997-ல் படிப்பை முடித்தவர்கள் நாங்கள். வரும் ஜனவரியில் சென்னையில் எல்லாரும் சந்திக்கிறோம். வகுப்பில் இருந்த 46 பேரைப் பற்றியும் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி ஒரு சிறு மலர் போடும் பொறுப்பு என்னிடம். 39 பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருத்தி கொரோனாவில் போய்விட்டாள். பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒருத்திக்குக் கணவர் இல்லை. விவாகரத்தான இன்னொருத்தி, 'என்னைப் பற்றி எதுவும் போடாதே' என்கிறாள். சிலர், 'வீட்டில்தான் இருக்கேன், எழுத என்ன இருக்கு' என்கிறார்கள். நானும் அப்படித்தான். மாமியாரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். என் பக்கம் காலி. யாரையும் புண்படுத்தாமல் எப்படி முடிப்பது?
– பெயர் வேண்டாம், ஆதம்பாக்கம்

பதில்: அன்புத் தோழிக்கு,

39 பேரைக் கண்டுபிடித்ததே பெரிய காரியம். கல்யாணமானதும் நம்மில் பலருக்கு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்துவிடுகிறது. பழைய பெயரை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? ஆட்டோகிராஃப் புத்தகத்தில் இருக்கும் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் பிற்பாடு ஒரு 2 சேர்ந்தது, அப்புறம் பல வீடுகளில் அந்த போனே போய்விட்டது. நீங்கள் எவ்வளவு அலைந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இறந்துபோன தோழியின் விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள். எங்கள் வகுப்புச் சந்திப்பு தி.நகரில் ஒரு ஹாலில் நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். உள்ளே அதிரசம். "அவளுக்கு இதுதானே பிடிக்கும், எங்கே இன்னும் காணோம்?" என்று வாசலையே பார்த்தாள். அந்தத் தோழி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். டப்பாவின் மூடியைத் திரும்பப் போட முடியாமல் அவள் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன், ஹாலில் வைத்து யாருக்கும் அது தெரியவரக் கூடாது.

முதலில் அவர் வீட்டாரிடம் பேசுங்கள். மலரில் போடலாமா, எந்தப் படம் போடலாம் என்று கேளுங்கள். அப்புறம் அவரோடு நெருக்கமாக இருந்த நாலைந்து பேருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் தெரியவேண்டிய செய்தி இல்லை. அதற்குப் பிறகு, சந்திப்புக்கு ஒரு மாதம் முன்பாவது, குழுவில் போடுங்கள். அழுவதற்கும் அவர்களுக்கு நாள் வேண்டும். மலரில் கடைசியில் 'அஞ்சலி' என்று தனிப் பக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. 46 பேரையும் அட்டெண்டன்ஸ் வரிசையிலேயே எழுதுங்கள். அவரும் அவருடைய நம்பரில், பக்கத்து பெஞ்ச் தோழிகளுக்கு நடுவில் இருக்கட்டும்.

அடுத்து, 'எழுத என்ன இருக்கு' என்கிறவர்கள். நீங்கள் அனுப்பிய கேள்விகள் என்னவென்று எழுதவில்லை. என்ன வேலை, என்ன பதவி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், பாதிப் பேர் வாயடைத்துத்தான் போவார்கள். கேள்விகளை மாற்றிப் பாருங்கள். நீங்கள் சேரும்போது ஊருக்குப் பெயர் மெட்ராஸ். 1996-ல் மாறி, படிப்பை முடிக்கும்போது சென்னை. இன்றைக்கும் வாயில் எந்தப் பெயர் வருகிறது? 2003-ல் உங்கள் கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது; மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள்; கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்டபோது நீ எங்கே இருந்தாய், இடுப்பில் குழந்தை இருந்ததா? 2004 டிசம்பரில் சுனாமி மெரினாவுக்கு வந்தபோது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, முதலில் எதைத் தூக்கி மேலே வைத்தாய்? இப்படிக் கேட்டால் பேங்க் மேனேஜராக இருப்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் சொல்ல ஒன்று இருக்கும். போனில் கேளுங்கள், அவர்கள் பேசுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

விவாகரத்தான தோழி போடாதே என்றால் போடக் கூடாது. 'தனிப்பட்ட காரணங்களால்' என்று ஒரு வரிகூட வேண்டாம். ஊருக்கே தண்டோரா போட்டதாகிவிடும். பெயரும் அவர் சம்மதித்தால் ஒரு பழைய படமும் போதும். பதில் சொல்லாதவர்களைக் கேட்காமல் குழுவில் சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அழைப்பு லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டு விடுங்கள். வர விருப்பமிருந்தால் வருவார்கள்.

கணவரை இழந்த தோழியிடம், கணவர் பெயரை எழுதலாமா என்று கேளுங்கள். எழுதச் சொல்லத்தான் அவர் ஆசைப்படலாம். எனக்கு அன்றைய நாளைப் பற்றித்தான் அதிகக் கவலை. வாசலில் சந்தனம், குங்குமம், பூ, கற்கண்டு என்று தட்டு வைப்பீர்கள். எல்லாருக்கும் நீட்டுவது போலவே அவருக்கும் நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொள்வார்களே, அது மட்டும் நடக்கக் கூடாது. தட்டு பிடிக்க நிற்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அழைப்பில் 'குடும்பத்துடன் வருக' என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 'நீ வா' என்றிருந்தால் போதும்.

சரி, உங்கள் பக்கம். அதை நீங்கள் எழுத வேண்டாம். வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்றே போன் செய்து, என் பக்கத்தை நீ எழுது என்று சொல்லுங்கள். அவர் அதே கேள்விகளைக் கேட்கட்டும். அந்த வெள்ளத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.