சுண்டெலிக்கு முதலுதவி: இந்த மாதக் கேள்விகளும் பதில்களும்

போகிக்குப் பரண் ஒழிப்பதும் டெல்டாவில் சம்பா அறுவடையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருவதால், தை மாதத்தில் எலிக்குட்டிக் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். விளக்குமாற்றை ஓங்காமல், "என்ன செய்யட்டும்?" என்று எழுதிக் கேட்ட எல்லாருக்கும் நன்றி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பரணில் பழைய செய்தித்தாள் கட்டைப் பிரித்தபோது உள்ளே ஆறு குட்டிகள். முடியில்லை, கண் திறக்கவில்லை. தாய் ஓடிவிட்டது. நாங்கள் கையால் தொட்டுவிட்டோம். இனி தாய் சேர்க்குமா? (மன்னார்குடி)

பதில்: சேர்க்கும். மனித வாசனை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது ஊரெல்லாம் நம்பும் கதை. பெற்றவள் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டாள். கூட்டைக் கலைக்காமல் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துங்கள். ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் வராது.

முடி முளைக்காத குட்டியால் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. அதனால் காத்திருக்கும் நேரத்தில் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் இருக்கட்டும். மறுபாதி சூடில்லாமல் இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் தாய் வராமல், குட்டிகள் சில்லிட்டுப்போனால் நீங்கள்தான் தாய். இளஞ்சிவப்பாக இருந்தால் வயது ஒரு வாரத்துக்குள். முடி வந்து கண் மூடியிருந்தால் சுமார் பத்து நாள். கண் திறந்திருந்தால் இரண்டு வாரம். மூன்று வாரத்தில் தானே கொறிக்கத் தொடங்கும். முதல் வாரத்துக் குட்டிகளைக் கையால் வளர்த்து மீட்பது மிகக் கடினம். அதைத் தெரிந்துகொண்டே முயலுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கிடந்த எலிக்குட்டிக்குப் பசும்பால் காய்ச்சி, குழந்தைக்குக் கொடுக்கும் சங்கில் புகட்டினேன். ஆசையாகக் குடித்தது. மூக்கில் கொஞ்சம் நுரை வந்தது. மறுநாள் இறந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்? (நாமக்கல்)

பதில்: மனது கஷ்டப்படும் என்று தெரிந்தும் சொல்கிறேன், அடுத்த குட்டியாவது பிழைக்கட்டும். மூக்கில் வந்த நுரை, பால் நுரையீரலுக்குள் போனதற்கு அடையாளம். அது ஆசையாகக் குடிக்கவில்லை, மூச்சு முட்டி விழுங்கியிருக்கிறது. கண் திறக்காத சுண்டெலிக் குட்டியின் எடை ஒன்று முதல் ஆறு கிராம். அதன் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது இரண்டு மூன்று சொட்டு. சங்கிலிருந்து வரும் ஒரே மடக்கு அதற்கு வெள்ளம்.

இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்: முதலில் சூடு, அப்புறம் நீர், அதற்கப்புறம்தான் பால். உடம்பு சில்லென்று இருக்கும்போது உள்ளே போகும் எதுவும் செரிக்காது. உங்கள் உள்ளங்கையில் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை வாயில் எதையும் வைக்காதீர்கள். பழைய குண்டு பல்பு மாதிரி எல்.இ.டி. பல்பு சூடு தராது. ஒரு பிடி அரிசியை வாணலியில் சூடாக்கிப் பருத்திக் காலுறையில் கட்டி, மேலே துணி சுற்றி வையுங்கள், ஒரு மணி நேரம் தாங்கும். சூடேறிய பிறகு, வாசனை சேர்க்காத ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக ஓரிரு சொட்டு கொடுங்கள்.

பசும்பால் வேண்டவே வேண்டாம். எலிப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிடப் பல மடங்கு அதிகம். பசும்பால் கொடுத்தால் வயிறு ஊதிக் கழிந்தே போய்விடும். செல்லப்பிராணிக் கடையில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் கிடைக்கிறது. அது கிடைக்கும்வரை ஓரிரு வேளைக்கு ஆட்டுப்பால் சமாளிக்கும். குழந்தைகள் படம் வரையும் மிக மெல்லிய தூரிகையை நனைத்து உதட்டோரம் வையுங்கள், நக்கட்டும். வயிறு கீழே இருக்க, தலை சற்று தூக்கியிருக்க வேண்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்திப் போடாதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெல்ல வருடிவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் இந்த வயதுக் குட்டிகளால் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. முடியில்லாத குட்டிக்கு வயிற்றுத் தோல் வழியாக வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். அது தெரிந்தால் பால் உள்ளே போயிருக்கிறது.

கேள்வி: பிடித்திருப்பது சுண்டெலியா, பெரிய எலியின் குட்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பாதத்தைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதமும் பெரிய தலையும் இருந்தால் பெரிய எலியின் குட்டி, பெருச்சாளிக் குட்டியாகவும் இருக்கலாம். வளர்ந்த சுண்டெலிக்குப் பாதம் சின்னது, காது பெரியது. எடை பதினைந்து இருபது கிராம்தான்.

கேள்வி: ஒரு எலி அடிபட்டுக் கிடக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? உடனே சொல்லவும்.

பதில்: இவ்வளவுதான் கடிதம். எந்த ஊர், எவ்வளவு பெரியது, எங்கே அடி, ரத்தம் வருகிறதா, நடக்கிறதா, எதுவுமே இல்லை. ஒரு வரியை வைத்து நான் மருந்து சொன்னால் அது உங்கள் எலிக்கு விஷமாகலாம். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். புண்ணில் மஞ்சள் அப்பாதீர்கள், முடியோடு ஒட்டி உள்ளே சீழ் கட்டும். டெட்டால் வேண்டாம். சலைன் ஊற்றிக் கழுவி, இருட்டான பெட்டியில் சூடாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த முறை ஐந்து வரியாவது எழுதுங்கள்.

கேள்வி: மளிகைக் கடையில் எலிக்காகப் பசை அட்டை வைத்தோம். ஒரு சுண்டெலி ஒட்டிக்கொண்டு கத்துகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. பிய்த்து எடுக்கலாமா? (விருதுநகர்)

பதில்: பிய்க்காதீர்கள். தோல் அட்டையோடு வந்துவிடும்.

இந்த அட்டையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. போன புரட்டாசியில் ஒருவர் அட்டையோடு ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்தார். இரண்டு முன்னங்கால்களும் ஒரு கன்னமும் வயிறும் ஒட்டியிருந்தன. ஒட்டிய பக்கத்துக் கண்ணை அதனால் மூட முடியவில்லை. தப்பிக்கத் தன் காலையே கடித்திருந்தது. சுற்றிலும் பிடுங்கிய முடியும் காய்ந்த புழுக்கையும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறது. அதை விடுவிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

செய்தது இதுதான். முதலில் அட்டையின் காலியான இடமெல்லாம் மைதா மாவைத் தூவினேன், விடுபட்ட கால் மறுபடி ஒட்டாமலிருக்க. தலையைத் துணியால் லேசாக மூடினால் பயம் குறையும், மூக்கு மட்டும் திறந்திருக்கட்டும். கடலை எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு மூக்கு, வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். எண்ணெய் ஊறி இளக ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு ஒவ்வொரு காலாக, விரல் விரலாக. நீங்கள் இழுக்க வேண்டியதில்லை, பசை தானாக விடும். தேங்காய் எண்ணெயும் சரிதான், நக்கினாலும் கெடுதியில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது. விடுபட்டதும் அதைக் குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள். எண்ணெய் ஊறிய முடி உடம்புச் சூட்டைக் காக்காது, ஈரமும் சேர்ந்தால் விறைத்துவிடும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, முதலில் சூடு, அப்புறம் நீர், அப்புறம் ஆகாரம். மறுநாள் தெம்பு வந்தபின் மிச்ச எண்ணெயைத் துடைக்கலாம். நான் சொன்ன சுண்டெலி ஒன்பதாவது நாள் வெளியே ஓடிப்போனது, ஒரு விரல் குறைவாக.

இந்த அட்டையை விற்பவர்கள் "விஷமில்லை, பாதுகாப்பானது" என்று அச்சடிக்கிறார்கள். பசியாலும் தாகத்தாலும் மூச்சுமுட்டியும் ஒரு நாள் இரண்டு நாள் இழுத்துச் சாவது யாருக்குப் பாதுகாப்பு? நம் நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டுடையது. நாடாளுமன்றத்தில் அதற்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். தேவையில்லாத வேதனை தருவதைத்தான் அந்தச் சட்டம் குற்றம் என்கிறது. இந்திய விலங்கு நல வாரியமும் இந்த அட்டைகளுக்கு எதிராக மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இங்கிலாந்தில் 2022-இல் தனிச் சட்டமே போட்டு, 2024 ஜூலை முதல் உரிமம் இல்லாமல் எலிக்குப் பசை அட்டை வைப்பதைக் குற்றமாக்கிவிட்டார்கள். நம் கடைகளில் கொசுவத்திக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அட்டை ஆள் பார்த்தும் பிடிப்பதில்லை. பல்லி, ஓணான், மூஞ்சூறு, சிட்டுக்குருவி, ஒருமுறை கண் திறந்து ஒரு வாரமேயான பூனைக்குட்டி என்று எல்லாவற்றையும் அட்டையோடு என் மேஜையில் பார்த்துவிட்டேன். எலி வேண்டாம் என்றால் அது வரும் வழியை அடையுங்கள். பென்சில் தடிமன் இடைவெளி போதும், சுண்டெலி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். அரிசி, பருப்பை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். அப்படியும் வந்தால் பழைய எலிக்கூண்டு இருக்கிறது. தினமும் காலையில் கூண்டைப் பார்க்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. கடையில் மிச்சமிருக்கும் அட்டைகளை இன்றே மடித்து ஒட்டிக் குப்பையில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: காப்பாற்றும்போது சுண்டெலி விரலைக் கடித்துவிட்டது. வெறிநாய்க் கடி ஊசி போட வேண்டுமா? (ஒசூர்)

பதில்: எலி, அணில் மாதிரிச் சின்னக் கொறிக்கும் பிராணிகளிடமிருந்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் முடிவு மருத்துவருடையது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். கடியைவிட அதன் சிறுநீருக்குத்தான் நான் பயப்படுவேன். எலிக்காய்ச்சல் கையிலுள்ள கீறல் வழியாக வரும். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் "எலியைத் தொட்டேன்" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலைக்கே வர வேண்டாம். சுண்டெலியிடமிருந்து கருவைப் பாதிக்கும் வைரஸ் ஒன்றும் தொற்றலாம்.

கேள்வி: எங்கள் பூனை வாயில் கவ்விவந்த சுண்டெலியைப் பிடுங்கிவிட்டோம். காயமே இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி, குத்திய இடம் முடிக்குள் தெரியாது. அதன் எச்சில் கிருமி ரத்தத்தில் கலந்தால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டும்.

கேள்வி: மூஞ்சூறு ஒன்றைக் காப்பாற்றிப் பெட்டியில் வைத்து அரிசி, கடலை போட்டேன். தொடவே இல்லை. நாற்றம் வேறு.

பதில்: மூஞ்சூறு எலியே அல்ல. அது பூச்சி தின்னும் இனம், உங்கள் வீட்டுக் கரப்பானைத் தின்ன வந்தது. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே தளர்ந்துவிடும். வேகவைத்த முட்டை, கரப்பான், மண்புழு கொடுங்கள். நாற்றம் பயத்தால் வருவது, இருட்டாக வைத்தால் குறையும். அடி பெரிதாக இல்லையென்றால் இன்றிரவே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பட்டப்பகலில் ஒரு எலி ஆளைப் பார்த்தும் ஓடாமல் தள்ளாடுகிறது. மூக்கில் ரத்தம். (கும்பகோணம்)

பதில்: அது கேக் மருந்து தின்ற எலி. ரத்தம் உறையாமல் செய்யும் விஷம் அது, தின்ற மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வைட்டமின் கே1 மாற்று மருந்து, கால்நடை மருத்துவர் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. வயிற்றில் நச்சுவாயு உண்டாகும், அதைக் கையாளும் நீங்களும் சுவாசிக்க நேரும். பூண்டு நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு விலகுங்கள். இறந்த எலியை ஆழமாகப் புதையுங்கள். வயலில் எறிந்தால் ஒரு நாளைக்குப் பல எலி தின்னும் கூகை அதைத் தூக்கும், பூனையும் நாயும் தின்னும்.

கேள்வி: கதவிடுக்கில் சிக்கிய சுண்டெலி. பின்னங்கால் இழுத்துக்கொண்டு நடக்கிறது. கட்டுப் போடலாமா?

பதில்: ஒரு கால்தான் என்றால் கட்டு வேண்டாம், கடித்துப் பிய்த்துவிடும். ஏறி விளையாட ஒன்றுமில்லாத பெட்டியில் மூன்று வாரம் வைத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இரண்டு காலும் வாலும் உயிரில்லாமல் இழுபட்டால் முதுகுத்தண்டு போய்விட்டது. அப்போது மருத்துவரிடம் வலியில்லாமல் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்வது எனக்கும் சுலபமல்ல. எடுக்கும்போது வாலைப் பிடிக்காதீர்கள், தோல் உறை மாதிரிக் கழன்று வந்துவிடலாம். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையை நுழைத்து எடுங்கள்.

கேள்வி: இரண்டு குட்டிகளை வளர்த்துவிட்டோம். ஒரு மாதம் ஆகிறது. கம்பு, தினை, வெள்ளரித் துண்டு எல்லாம் தின்கின்றன. குழந்தைகள் விட மறுக்கிறார்கள். வளர்க்கலாமா? (காரைக்குடி)

பதில்: அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இனி விட வேண்டும். ஒரு மாதம் என்றால் நேரம் வந்துவிட்டது, ஆறு வாரத்தில் அவை குட்டி போடும் வயதுக்கு வந்துவிடும். ஒரு வாரம் கையில் எடுக்காமல் விடுங்கள், மனிதரைக் கண்டால் ஓட மறுபடி பழக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் நெற்குதிர் பக்கம் வேண்டாம். தொலைதூரக் காட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். எடுத்த இடத்துக்கு அருகில் புதர், கல் இடுக்கு, வேலியோரம் என்று ஒளிய இடமிருந்தால் போதும். மழையில்லாத நாளில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், அவை படுத்திருந்த துணியோடு பெட்டியைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி கம்பைத் தூவுங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போங்கள், பத்தடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். உடனே வெளியே வராது. முதலில் மீசை மட்டும் தெரியும்.