ஸ்ட்ராபெர்ரி தோட்ட வேலைக்கு 4.5 லட்சம் கேட்கிறார் ஏஜென்ட்: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: நிலக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். வயது 26. பி.எஸ்சி. தோட்டக்கலை முடித்துவிட்டு ஒரு நர்சரியில் மாதம் 16,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் ஸ்ட்ராபெர்ரி தோட்டத்தில் வேலை, மாதம் 2.5 லட்சம் சம்பளம், ஆறு மாதம் கழித்து அங்கேயே நிரந்தர விசாவுக்கு மாறி சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்துவிடலாம் என்று திருச்சியில் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தம் 4.5 லட்சம். முன்பணமாக 50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. தோட்டத்தின் லெட்டர்ஹெட்டில் ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. இப்போது மெடிக்கலுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் 28,000 கேட்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்து மீதியைக் கட்டிவிடலாமா? என் நண்பர்கள் இரண்டு பேரும் முன்பணம் கட்டியிருக்கிறார்கள்.

பதில்: கட்ட வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். அந்த 28,000-த்தையும் அனுப்ப வேண்டாம். இடம் போய்விடும், நாளைக்குள் கட்டு என்று அவர் போன் செய்வார். செய்யட்டும்.

வேலையே பொய் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் ‘சீசனல் வொர்க்கர்’ என்று ஒரு விசா உண்மையிலேயே இருக்கிறது. 2019-இல் 2,500 பேரோடு சோதனையாக ஆரம்பித்தார்கள். 2025-க்குத் தோட்டக்கலைக்கு மட்டும் 43,000 இடம், கோழி இறைச்சி ஆலைகளுக்கு 2,000 இடம் என்று ஒதுக்கினார்கள். கெண்ட், ஹெர்ஃபோர்ட்ஷயர், ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதிகளில் பழம் பறிக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. இந்த உண்மையை ஏஜென்ட் உங்களிடம் காட்டியிருப்பார். செய்தி இணைப்புகூட அனுப்பியிருப்பார். பாதி நிஜமாக இருப்பதால்தான் படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள்.

இப்போது அந்த ஆஃபர் லெட்டருக்கு வருவோம். இந்த விசாவுக்குத் தோட்டக்காரர் நேரடியாக ஆள் எடுக்க முடியாது. பிரிட்டன் அரசு அங்கீகரித்த சில நிறுவனங்கள் மட்டுமே ஸ்பான்சர் ஆகலாம். ‘ஸ்கீம் ஆபரேட்டர்’ என்பார்கள். அவர்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுத்து, ஸ்பான்சர் சான்றிதழ் எண் கொடுத்து, ஏதோ ஒரு தோட்டத்தில் சேர்ப்பார்கள். மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. ஆக, தோட்டத்தின் லெட்டர்ஹெட்டில் எவ்வளவு அழகான கையெழுத்தும் முத்திரையும் இருந்தாலும், அதை வைத்து விசா கிடைக்காது. எந்த ஆபரேட்டர் மூலம் அனுப்புகிறீர்கள், ஸ்பான்சர் சான்றிதழ் எண் எங்கே என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பெயர் சொன்னால் பட்டியலில் பாருங்கள். பட்டியலில் இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு, இந்த ஏஜென்ட் உங்கள் ஆள்தானா என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். நல்ல நிறுவனங்களின் பெயரைத் திருடித்தான் பாதி மோசடி நடக்கிறது.

அடுத்தது பணம். வேலை தேடிக் கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். 2004-இல் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் 20-க்கும் மேற்பட்டோர் கடல் ஏற்றத்தில் சிக்கி இறந்த பிறகு, இந்த மாதிரி வேலைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்றும் கொண்டுவந்தார்கள். அத்தனை உயிர் போன பிறகு வந்த சட்டம் அது. நீங்கள் நியாயமாகச் செலவழிக்க வேண்டியது விசா கட்டணமும் விமான டிக்கெட்டும்தான். விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 319 பவுண்டு ஆனது. ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தால் 35,000 ரூபாய்ச் சொச்சம். 4.5 லட்சம் என்ற தொகைக்கு இதில் எங்கேயும் இடமில்லை.

அந்த 28,000-ஐக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குத்தான் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். இந்த விசா அதிகபட்சமே ஆறு மாதம். ஆங்கிலத் தேர்வும் இந்த விசாவுக்கு நிபந்தனை இல்லை. தேவையே இல்லாத இரண்டு விஷயத்துக்குப் பணம் கேட்கிறார். சின்னச் சின்னத் தொகையாக, ரசீது இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து வாங்குவதுதான் இவர்கள் முறை. இன்று மெடிக்கல், அடுத்த மாதம் ‘ஃபைல் மூவிங்’, அதற்கடுத்து ‘எம்பசி சார்ஜ்’.

நிரந்தர விசாவுக்கு மாறலாம் என்பதும் நடக்காது. இந்த விசாவில் போனவர் பிரிட்டனுக்குள் இருந்தபடி வேறு வேலை விசாவுக்கு மாற முடியாது. நிரந்தர வேலையில் சேரவும் கூடாது. மனைவி மக்களை அழைத்துப் போக முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலைக்கு பிரிட்டன் வேலை விசா கொடுப்பதே இல்லை. 2025 ஜூலை 22 முதல் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும், ஆண்டுச் சம்பளம் குறைந்தது 41,700 பவுண்டு இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கடையில் பில் போடுகிறவருக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்?

சம்பளக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதுக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரத்துக்கான கூலி தர வேண்டும் என்பது விதி. அப்படியானால் வாரம் 390 பவுண்டு. தோட்டத்திலேயே காரவனில் தங்க வைத்து, அதற்கு அதே 2025 கணக்கில் நாளொன்றுக்கு 10.66 பவுண்டு வரை பிடிக்கலாம். மிச்சம் 316. மாதத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். இதில் வரி, தேசிய இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் இனிமேல்தான் போக வேண்டும். ஜூன், ஜூலையில் கூடுதல் மணி நேரம் கிடைத்தால் ஏறும். ஆனால் 2.5 லட்சம் எல்லா மாதமும் வராது. ஏஜென்ட் கேட்கும் 4.5 லட்சம் என்பது அங்கே நீங்கள் முழுதாக மூன்று மாதம் குனிந்து பறித்துச் சேர்க்கும் காசு.

ஆறு மாத வேலைக்கும் யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. அங்கே பழம் போவது பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலிகளுக்கு. நாலு நாள் வெயில் அடித்தால் ஸ்ட்ராபெர்ரிக்கு ஆர்டர் குவியும், மழை பெய்தால் ஆர்டர் சுருங்கும். விலையைக் கடைக்காரர் நெருக்குவார், தோட்டக்காரர் அந்த நெருக்கடியை மணி நேரத்தில் காட்டுவார். விளைச்சல் சீக்கிரம் முடிந்தால் ஆளைச் சீக்கிரம் அனுப்புவார். குறைந்தது இரண்டு மாதக் கூலியாவது உறுதி செய்யுங்கள் என்று பிரிட்டன் அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழுவே 2024 ஜூலையில் பரிந்துரைத்தது. 2022-இல் இந்தோனேசியாவிலிருந்து கெண்ட் தோட்டங்களுக்குப் போனவர்கள், ஊரில் ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடனை அடைக்க முடியாமல் தவித்தது அங்கத்திய பத்திரிகைகளில் வந்தது. கடனோடு போகிறவர் தோட்டத்தில் என்ன நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். ஆகவேதான் நகைக்கடன் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் அதிகமாகத் திரிப்பது இதைத்தான். உங்கள் ஆளிடம் லைசன்ஸ் கேட்டால், “பிரிட்டனுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டாம் தம்பி, அதனால எங்களுக்கும் லைசன்ஸ் தேவையில்லை” என்பார். முதல் பாதி சரி. எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்பது வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசு தரும் அனுமதி. சவுதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா என்று 18 நாடுகளுக்கு, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்குப் போனால்தான் அந்த கிளியரன்ஸ் வேண்டும். பிரிட்டன் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் பட்டதாரி வேறு. உங்களுக்கு எந்த நாட்டுக்கும் அது தேவைப்படாது. ஆனால் அது போகிறவருக்கு உள்ள விலக்கு. அனுப்புகிறவருக்கு அந்த விலக்கு இல்லை. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, எந்த வெளிநாட்டுக்காக இருந்தாலும், தோட்ட வேலை மாதிரியான வேலைகளுக்கு ஆள் எடுத்து அனுப்பும் தொழில் செய்கிறவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கிளியரன்ஸ் வேண்டாத நாடு, கிளியரன்ஸ் வேண்டாத பாஸ்போர்ட், பதிவு வேண்டாத ஏஜென்ட் என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி உங்கள் முன்னால் வைப்பார்கள். மூன்றாவது என்று ஒன்று கிடையாது. அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், பதிவு எண், அலுவலக முகவரி மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். “எங்க மெயின் ஆபீஸ் மும்பையில இருக்கு, நான் அவங்க சப்-ஏஜென்ட்” என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் இந்தியச் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு.

இத்தனை விதி இருந்தும் ஏன் ஊருக்கு நாலு பேர் தைரியமாக போர்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பதிவு இல்லாமல் ஆள் அனுப்பினால் அந்த 1983 சட்டம் சொல்லும் அபராதம் 2,000 ரூபாய் வரை, சிறை இரண்டு ஆண்டு வரை. ஒரு பையனிடம் 4.5 லட்சம் வாங்குகிறவனுக்கு 2,000 ரூபாய் ஒரு பொருட்டா? இத்தனை வருடமாக அந்தத் தொகையை மாற்றாமலே விட்டிருக்கிறார்கள். பிரிட்டனோ வருடா வருடம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, வெளிநாட்டு கிராமங்களில் யார் ஆள் பிடிக்கிறார்கள் என்பதைச் சரியாகப் பார்ப்பதில்லை. இரண்டு அரசும் இணையதளத்தில் எச்சரிக்கை போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கின்றன.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பாஸ்போர்ட்டை வாங்குங்கள். அது மத்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. பணம் பாக்கி என்ற காரணத்தைக் காட்டி அதைப் பிடித்து வைக்க ஏஜென்ட்டுக்கு எந்த உரிமையும் இல்லை. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பணச் சண்டையை அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம், பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே விவரம், ஆஃபர் லெட்டர், அவர் விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் இப்போதே பிரதி எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். கோபத்தில் அவரை பிளாக் செய்துவிடாதீர்கள், அவர் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியும் உங்களுக்குச் சாட்சி.

பிறகு 50,000-த்தைத் திருப்பிக் கேட்டு, ஒரு வாரக் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். வரவில்லை என்றால் மூன்று இடத்தில் புகார்: இ-மைகிரேட் தளம் வழியாகச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், உள்ளூர்க் காவல் நிலையம், ஆன்லைனில் பணம் போனதால் 1930 என்ற சைபர் குற்ற எண். இந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கோங்க” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். போலி வேலை காட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி மோசடி. அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதுங்கள். புகாருக்கு ரசீது வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதில் பதிவு செய்து வையுங்கள். ஆனால் உங்கள் படிப்புக்குப் பழம் பறிக்கும் வேலை பொருத்தமே இல்லை. ஒட்டன்சத்திரமும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டும் பக்கத்தில் இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டுகளும் வீட்டுக்கே காய்கறி கொண்டு தரும் ஆப்புகளும் கொள்முதல் மையங்களில் தரம் பிரிக்க, சேதாரம் குறைக்கப் பயிரைத் தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள். ஏற்றுமதிக்குக் காய்கனிகளைப் பொதியும் பேக் ஹவுஸ்களும் அப்படித்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் மேற்பார்வையாளர் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நர்சரி அனுபவத்தை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர்கள். மூன்று பேரும் தனித்தனியாகப் போய் ஏஜென்ட்டிடம் கெஞ்சினால், ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து மற்ற இருவரையும் இழுத்தடிப்பார். மூவரும் கட்டிய தொகை, தேதி, அனுப்பிய எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, கூட்டுப் புகாராகக் கொடுங்கள். உங்கள் ஊரில் வேறு யாராவது இவரிடம் பணம் கட்டியிருக்கிறார்களா என்று இந்த வாரமே விசாரித்து, அவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.