பழைய பெடல் ஸ்டீல் கிட்டாரைச் சீர்செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: 1970களின் ஷோ-பட் பெடல் ஸ்டீல் கிட்டார் (பெடலை மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் கிட்டார்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. A பெடலை விட்ட பிறகும் 5ஆம் கம்பி கீழே இறங்காமல் ஷார்ப்பாகவே நிற்கிறது. ஸ்பிரிங்கை மாற்றவா?

பதில்: ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். முதலில் கிட்டாரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். பெடலின் அசைவைக் கம்பிக்குக் கொண்டுபோகும் ராட்களில் எது எந்தத் துளையில் போகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு துளை மாறினால் மிதிக்கும் தூரமே மாறிவிடும். கோளாறு பெரும்பாலும் சேஞ்சரில்தான், அதாவது கம்பியின் சுருதியை ஏற்றி இறக்கும் பொறியில். கம்பி மாட்டும் அலுமினிய ஃபிங்கர்கள் எல்லாம் ஒரே அச்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பல வருட எண்ணெய் அங்கே பாகாக இறுகிவிடும். மிதித்தால் 5ஆம் கம்பியின் B சுரம் C ஷார்ப்புக்கு ஏறும். விட்டால் பாகு பிடித்துக்கொள்ளும். லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். கறுப்பாக வழியும். வார்னிஷில் படாமல் துணி போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. சுத்தமானதும் தையல் மெஷின் எண்ணெய், ஃபிங்கருக்கு ஒரு சொட்டு.

கேள்வி: டபிள்யூடி-40 அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கொஞ்ச நாளில் மறுபடி பிசுபிசுக்கும்.

கேள்வி: 3ஆம் கம்பி அடிக்கடி அறுந்துபோகிறது.

பதில்: E9 என்னும் சுருதி அமைப்பில் அது G ஷார்ப். 0.011 அங்குலக் கம்பியை அவ்வளவு இழுக்கிறோம், அறுவது சகஜம். ஆனால் எப்போதும் சேஞ்சர் பக்கமே அறுந்தால், ஃபிங்கரின் மேல்வளைவை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

கேள்வி: என் எம்மன்ஸ் கிட்டார் புஷ்-புல் வகை, சுருதியை ஏற்ற ராட் இழுக்கும், இறக்கத் தள்ளும். இரண்டுக்கும் இழுக்கும் ஆல்-புல்லாக அதை வெட்டி மாற்றித் தருவீர்களா?

பதில்: மாட்டேன். 1960களில் வந்த அந்த அமைப்பில் ஃபிங்கர் ஓய்வில் உறுதியாக முட்டி நிற்கிறது. அந்தக் கருவியின் தொனியே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: 4ஆம் கம்பியை C பெடல் F ஷார்ப்புக்கும் முழங்கால் லீவர் F-க்கும் ஏற்ற வேண்டும். புஷ்-புல்லில் இரண்டையும் சரிசெய்வதற்குள் போதும் போதுமென்றாகிறதே?

பதில்: உண்மை, சிரமம்தான். ஒன்றைத் திருகினால் இன்னொன்று நகரும். அதற்குப் பொறுமை வேண்டும், ரம்பம் வேண்டாம். ஆல்-புல் வேண்டுமென்றால் ஆல்-புல் கிட்டாரே வாங்குங்கள். வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் இரைகிறது.

பதில்: என் துறை இல்லை. நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். வால்வு ஆம்ப் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: சேஞ்சருக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: எண்ணெய் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு. அப்புறம், பிரிப்பதற்கு முன் படம் எடுத்தீர்களா?